அடிக்கிற கையும் அணைக்கிற கையும்

கண்ணாடிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பறவைக் கூண்டு போலத் தெரியும். உள்ளே மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு மாணவி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மாணவர் மன்றத்தைச் சேர்ந்த ஒருவன் வருகிறான், ஏதோ கேட்கிறான், பளாரென்று கன்னத்தில் அறைகிறான். அவள் அழவில்லை, தடுக்கவும் கை உயரவில்லை. கட்டடத்தின் ஜன்னல் வழியாக இன்னொரு மாணவி இதைப் பார்த்துவிடுகிறாள்.

1997 ஏப்ரல் 2 அன்று டிவி டோக்கியோவில் தொடங்கிய 'புரட்சிப் பெண் உடேனா' என்ற அனிமே தொடரின் முதல் பகுதி இது. விளம்பரப் படங்களில் ரோஜாப்பூ, வாள், இளஞ்சிவப்பு முடி. பார்க்கிறவர்கள் இது பள்ளிச் சிறுமிகளுக்கான தேவதைக் கதை என்றுதான் நினைப்பார்கள். அந்த ஒரு அறை, தொடரின் 39 பகுதிகளும் எதைப் பற்றியவை என்பதைச் சொல்லிவிடுகிறது.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அடி வாங்கிய பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாட்டி சொல்லும் சமாதானம் அது. இந்தத் தொடரின் இயக்குநர் குனிஹிகோ இகுஹாரா அதே விஷயத்தை மறுமுனையிலிருந்து பார்க்கிறார். அணைக்கிற கை எந்த நிமிடத்தில் அடிக்கிற கையாக மாறுகிறது? அடிக்கவே அடிக்காமல் அணைக்கும் கை என்று ஒன்று உண்டா? 1997 முதல் 2019 வரை அவர் இயக்கிய நான்கு தொடர்களும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் வேறு வேறு வேடத்தில் கேட்கின்றன.

1964-ல் பிறந்த இகுஹாரா, தொழில் பழகியது தோயெய் அனிமேஷன் நிறுவனத்தில். உலகம் முழுக்கச் சிறுமிகள் பார்த்த 'செய்லர் மூன்' தொடரில் பகுதி இயக்குநராக இருந்து, பிறகு அந்தத் தொடரையே நடத்தும் இடத்துக்கு உயர்ந்தார். 1993-ல் வெளியான 'செய்லர் மூன் ஆர்' திரைப்படமும் அவர் இயக்கியதுதான். அதில் பெற்றோரை இழந்து மருத்துவமனையில் கிடக்கும் சிறுவனிடம் ஒரு சின்னப் பெண் ஒற்றை ரோஜாவைக் கொடுக்கிறாள். அவன் அதைத் தன்னைவிடத் தனிமையில் இருக்கும் வேற்றுகிரகச் சிறுவன் ஒருவனிடம் கொடுக்கிறான். அந்த வேற்றுகிரகவாசி வளர்ந்து, பூமியையே அழிக்க வருகிறான். அன்பு கிடைக்காததால் வந்த வெறி அல்ல அது. ஒருமுறை கிடைத்த அன்பு தனக்கு மட்டுமே சொந்தம் என்ற எண்ணம்தான் அவனை அப்படி ஆக்கியது. பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் விதை இந்தப் படத்திலேயே இருக்கிறது.

தோயெயை விட்டு வெளியே வந்ததும், மங்கா ஓவியர் சிஹோ சைதோ, எழுத்தாளர் யோஜி எனோகிதோ உள்ளிட்ட நண்பர்களோடு 'பி-பாபாஸ்' என்ற குழுவை அமைத்தார். அந்தக் குழுவின் முதல் பெரிய படைப்பு 'உடேனா'. அதன் வாள்சண்டைகளுக்கான சேர்ந்திசைப் பாடல்களைத் தந்தவர் ஜே. ஏ. சீசர். ஷூஜி தெராயாமாவின் சோதனை நாடகக் குழுவில் இசையமைத்தவர் அவர். சிறுமிகள் பார்க்கும் மாலை நேரத்துத் தொடரில் அறுபது, எழுபதுகளின் சோதனை நாடகக் கலகம் இப்படித்தான் உள்ளே நுழைந்தது.

உடேனா பதினான்கு வயதுப் பெண். சிறுவயதில் பெற்றோரை இழந்து துவண்டு கிடந்தபோது ஓர் இளவரசன் வந்து ஆறுதல் சொல்லி, ரோஜா முத்திரை பதித்த மோதிரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். இந்தக் கதையைக் கேட்ட எந்தச் சிறுமியும் இளவரசனைக் கட்டிக்கொள்ளத்தான் ஆசைப்படுவாள். உடேனாவோ, தானே இளவரசன் ஆகிவிடுவது என்று முடிவு செய்கிறாள். ஓதோரி பள்ளியில் ஆண்கள் சீருடை போலத் தைத்த உடையில் திரிகிறாள். தோழி எழுதிய காதல் கடிதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு ஊரே சிரிக்க, கடிதத்தைப் பெற்றவனைச் சண்டைக்கு இழுக்கிறாள். அந்தச் சண்டையில் ஜெயித்தபோதுதான் பரிசு என்னவென்று தெரிகிறது. ரோஜாத் தோட்டத்தில் அறை வாங்கிய ஆன்தி ஹிமெமியாதான் அந்தப் பரிசு. வெற்றி பெறுகிறவருக்குச் சொந்தமான 'ரோஜா மணப்பெண்' அவள். சொந்தக்காரர் மாற மாற, சிரித்த முகத்தோடு அடுத்தவர் பின்னால் போவாள்.

மூன்றாம் பகுதியில் ஒரு விருந்து. பணக்காரச் சிறுமி நனாமி, ஆன்திக்கு ஒரு கவுன் பரிசளிக்கிறாள். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் துணி அது. கூட்டத்தின் நடுவில் கவுன் கரைகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள், ஆன்தி உட்கார்ந்து உடம்பை ஒடுக்கிக்கொள்கிறாள். உடேனா அறிவுரை சொல்லவில்லை, யாரையும் திட்டவுமில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த துணியை ஒரே இழுப்பில் உருவி, அவள் உடம்பைச் சுற்றி அதையே ஒரு கவுனாகக் கட்டிவிட்டு, நடனமாட அழைக்கிறாள். உதவி என்றால் இவ்வளவு கச்சிதமாக இருக்க வேண்டும் என்று தோன்றவைக்கும் காட்சி.

ஆனால் இகுஹாரா தன் நாயகியையும் சும்மா விடுவதில்லை. "நீ யாருக்கும் சொந்தமில்லை, உனக்கும் நண்பர்கள் வேண்டும்" என்ற வகையில் உடேனா பேசும்போதெல்லாம் ஆன்தி சரி என்று தலையாட்டுகிறாள். முந்தைய சொந்தக்காரனிடமும் அப்படித்தான் தலையாட்டினாள். பதினோராம் பகுதியில் உடேனா தோற்றதும், ஒரு சொல் இல்லாமல் அடுத்தவன் பின்னால் போய்விடுகிறாள். உடேனா நொறுங்கிப்போகிறாள். தான் செய்தது உதவியா, அல்லது இளவரசன் வேடத்தில் தனக்கே செய்துகொண்ட அலங்காரமா என்ற கேள்வி அவளை அங்கேதான் முதல்முறை தொடுகிறது.

இவ்வளவு கனமான தொடரில் சிரிப்புக்கும் குறைவில்லை. எட்டாம் பகுதியில் காரமான கறி மசாலா ஒன்றைத் தேடி நனாமி இந்தியாவுக்கே போய், யானைகளால் துரத்தப்பட்டுத் திரும்புகிறாள். அதே நனாமி பத்தாம் பகுதியில் வேறு ஆளாகத் தெரிகிறாள். சிறுவயதில் அண்ணனுக்கு ஆசையாக ஒரு பூனைக்குட்டியைப் பரிசளித்தவள், அண்ணன் தன்னைவிடக் குட்டியைக் கொஞ்சுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அதை ஒரு பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். கொடுமைக்காரி என்று நாம் முத்திரை குத்தியவளிடமும், கொடுமைக்கு முன்னால் ஓர் ஏக்கம் இருந்திருக்கிறது. அந்த ஏக்கத்தைக் காட்டியதற்காக அவள் செய்ததை இயக்குநர் மன்னித்துவிடவும் இல்லை.

தொடர் பாதியை எட்டும் முன்பே அகியோ வருகிறார். ஆன்தியின் அண்ணன், பள்ளியின் பொறுப்புத் தலைவர். உயரமான கோபுரத்தின் உச்சியில் கோளரங்கம், சிவப்புத் திறந்த கார், இனிமையான குரல். யார் என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்பார். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் பகுதியில் அறைந்தவனை அடையாளம் காண ஒரு நொடி போதும், அகியோவை அடையாளம் காண உடேனாவுக்கு இருபது பகுதிகளுக்கு மேல் ஆகிறது. தங்கையைச் சனிக்கிழமை இரவுகளில் தன் அறைக்கு வரவழைத்து அவர் என்ன செய்கிறார் என்பதை இயக்குநர் நேராகக் காட்டுவதில்லை. பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகு முந்தைய பகுதிகளைத் திரும்பிப் பார்த்தால், ஆன்தியின் சிரிப்பு ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரிகிறது.

33-ஆம் பகுதி. அகியோவும் உடேனாவும் ஓர் ஓட்டல் அறையில். கேமரா உடேனாவின் முகத்தை விட்டு நகருவதில்லை. அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். நாளைக்கு மதியச் சாப்பாட்டு டப்பாவில் என்ன வைப்பது என்று சம்பந்தமில்லாமல் பேசுகிறாள். எதிரில் இருப்பவர் பேசவே இல்லை. ஆபாசமாக ஒரு சட்டகம்கூட இல்லாமல், ஒரு சிறுமிக்கு நடக்கும் அநியாயத்தை அந்தச் சாப்பாட்டு டப்பாப் பேச்சு சொல்லிவிடுகிறது. தனக்கு நடப்பது அநியாயம் என்பது அவளுக்கே தெரியவில்லை, காதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காலத்து ஜப்பானையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1997-ல் அந்நாட்டுத் தண்டனைச் சட்டம் பாலுறவுச் சம்மதத்துக்கு வைத்திருந்த வயது 13. மாவட்ட அளவில் சிறார்களைக் காக்கும் தனி விதிகள் இருந்தாலும், தேசியச் சட்டத்தில் அது 16 ஆனது 2023-ல்தான். சிறார் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2000-லும், குடும்ப வன்முறைக்கான சட்டம் 2001-லும் வந்தன. சட்டம் பெயர் வைப்பதற்கு முன்பே ஒரு கார்ட்டூன் தொடர் அந்தக் குற்றத்தைப் படம் வரைந்து காட்டியிருந்தது.

34-ஆம் பகுதி கதையின் வேரைத் தோண்டுகிறது. உலகிலுள்ள பெண்களையெல்லாம் காப்பாற்றி ஓடாய்த் தேய்ந்துபோன இளவரசனை, சாகவிடக் கூடாது என்று அவன் தங்கை ஒளித்துவைக்கிறாள். இளவரசனைக் கேட்டு வாசலில் நின்ற கூட்டம் அவளைச் சூனியக்காரி என்கிறது. கூட்டத்தின் வெறுப்பெல்லாம் வாள்களாக மாறி அவள் உடம்பில் பாய்கின்றன, பாய்ந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் தங்கை ஆன்தி, இளவரசனாக இருந்தவர் அகியோ. அண்ணன்மேல் வைத்த அன்புதான் அவளுக்குத் தண்டனையாகிறது. அந்த அன்பை வைத்தே அவளைக் கட்டிப்போட்டிருக்கிறார் அண்ணன்.

கடைசிச் சண்டைக்கு முன்னால் ஓர் இரவு. இரு பெண்களும் தேநீரும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நீ சாப்பிட்ட பிஸ்கட்டில் விஷம் வைத்திருக்கிறேன் என்று ஆன்தி சாதாரணமாகச் சொல்கிறாள். நீ குடித்த தேநீரிலும்தான் என்கிறாள் உடேனா. பத்து வருடம் கழித்தும் இப்படியே ஒன்றாகத் தேநீர் குடித்துச் சிரிக்க வேண்டும் என்று பேச்சு திரும்புகிறது. ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே பகுதியில் கோபுரத்திலிருந்து குதிக்கப்போகும் ஆன்தியின் கையை உடேனா எட்டிப் பிடிக்கிறாள். அடுத்த பகுதியில் அதே ஆன்தி உடேனாவை முதுகில் குத்துகிறாள். பல காலம் கொடுமை அனுபவித்த ஒருவர், காப்பாற்ற வந்த கையை உடனே நம்பிவிட மாட்டார் என்பதை இதைவிட நேர்மையாகச் சொன்ன தொடர்கள் குறைவு.

கடைசிப் பகுதியில், குத்துப்பட்ட உடேனா தவழ்ந்து போய், ரோஜாக் கதவை வெறும் கையால் பெயர்த்துத் திறக்கிறாள். உள்ளே ஒரு சவப்பெட்டி, அதற்குள் ஆன்தி. கை நீட்டுகிறாள். ஆன்தியும் நீட்டுகிறாள். விரல்கள் தொட்டு, நழுவிவிடுகின்றன. தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே உடேனா கதையிலிருந்து மறைந்துபோகிறாள். பள்ளிக்கூடமும் மெல்ல அவளை மறக்கிறது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று அகியோ கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, ஆன்தி அவர் மேசைக்கு முன்னால் வந்து, இந்தச் சொகுசான சவப்பெட்டியில் நீங்களே விளையாடிக்கொண்டிருங்கள் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். மூக்குக்கண்ணாடி இல்லை, முடி அவிழ்ந்திருக்கிறது, கையில் பயணப்பெட்டி. உடேனாவைத் தேடிப் போகிறாள். யாரும் அவளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, தன் காலால் நடந்து வாசலைத் தாண்டுகிறாள்.

'உடேனா'வின் 1999 திரைப்படத்துக்குப் பிறகு இகுஹாரா இன்னொரு தொடரை இயக்க 2011 ஆனது. 'மாவாரு பெங்குயின்ட்ரம்' 24 பகுதிகள். டோக்கியோவின் ஒகிகுபோ பகுதியில், தகரத்தில் வண்ணம் பூசிய ஒரு சின்ன வீட்டில் அண்ணன்கள் இருவரும் தங்கையும் வாழ்கிறார்கள். கான்பா, ஷோமா, நோயாளித் தங்கை ஹிமாரி. பெற்றோர் இல்லை. ஏன் இல்லை என்பது பாதித் தொடரில் தெரியவரும்போது வயிற்றைப் பிசைகிறது. பதினாறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒரு பயங்கரவாதத் தாக்குதலை முன்னின்று நடத்தியவர்கள் அவர்கள்.

ஜப்பானியப் பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படாது. 1995 மார்ச் 20 காலையில், ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு டோக்கியோவின் சுரங்க ரயில்கள் ஐந்தில் சரின் விஷவாயுவைப் பரவவிட்டது. 14 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். விஷம் வைக்கப்பட்ட ரயில்களில் ஒன்று ஒகிகுபோவை நோக்கிப் போனது. செய்திகள் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் குற்றவாளிகளைப் பற்றியும் பேசின. குற்றவாளிகளின் பிள்ளைகள் எந்தப் பட்டியலில் வருவார்கள் என்று இகுஹாரா கேட்கிறார்.

இந்தத் தொடரில் வரும் பிள்ளைகள் அநேகமாக எல்லோருமே பெரியவர்களால் காயப்பட்டவர்கள். யூரியின் தந்தை புகழ்பெற்ற சிற்பி. அழகானவற்றை மட்டுமே நேசிக்க முடியும் என்று சொல்லி, மகளைச் செதுக்க உளியை எடுக்கிறார். அப்பாவின் அன்பு கிடைக்குமே என்று அந்தப் பெண்ணும் சம்மதிக்கிறாள். தபுகி பியானோ மேதை என்று கொண்டாடப்பட்ட சிறுவன். தம்பி தன்னைவிட நன்றாக வாசிப்பது தெரிந்ததும் தானே தன் விரல்களை நசுக்கிக்கொள்கிறான், அம்மா இரக்கப்படுவாள் என்று. அம்மா போய்விடுகிறாள். இப்படி யாருக்கும் வேண்டாத பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் ஒன்று தொடரில் வருகிறது. கண்ணாடித் துண்டுகளாக நொறுக்கி, பெயரும் முகமும் இல்லாத 'ஒளிபுகும்' பொருளாக ஆக்கிவிடும் ஆலை அது.

இதற்கு மாற்றாக இகுஹாரா வைப்பது ஓர் ஆப்பிள். தனித்தனிக் கூண்டுகளில் அடைபட்டுப் பசியில் கிடக்கும் இரண்டு சிறுவர்களில் கான்பாவுக்கு மட்டும் ஓர் ஆப்பிள் கிடைக்கிறது. கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டிப் பாதியை ஷோமாவிடம் கொடுக்கிறான். அந்தப் பாதியை ஷோமா பின்னால் ஹிமாரியோடு பகிர்கிறான். மூவருக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆப்பிள்தான் குடும்பம்.

அந்த அன்பையும் சோதிக்காமல் விடுவதில்லை. தங்கையின் மருத்துவச் செலவுக்காகக் கான்பா, பெற்றோரைப் பாழாக்கிய அதே குழுவிடம் பணம் வாங்குகிறான், அவர்கள் பாதையிலேயே நடக்கிறான். ஒருத்தியைக் காப்பாற்ற ஒரு ரயில் நிறைய மனிதர்கள் சாகலாம் என்ற இடம்வரை பாசம் அவனை இழுத்துப் போகிறது. பெற்றோரும் உலகத்தைத் திருத்தப் போகிறோம் என்றுதான் தொடங்கினார்கள்.

அடுத்து 2015-ல் வந்த 'யூரிகுமா அராஷி' 12 பகுதிகள்தான். மனிதர்களுக்கும் கரடிகளுக்கும் நடுவே ஒரு பெரிய சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள பெண்கள் பள்ளியில், கைப்பேசியில் வாக்களித்து, வகுப்பிலிருந்து யாரை ஒதுக்குவது என்று முடிவு செய்கிறார்கள். குற்றம் ஒன்றும் தேவையில்லை. கூட்டத்தோடு ஒட்டாமல் இருந்தாலே போதும். ஊர்விலக்கத்தின் பள்ளிக்கூட வடிவம். ஓட்சு நகரில் 2011-ல் பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் சக மாணவர்களின் கொடுமையால் தற்கொலை செய்துகொண்டதும், 2013-ல் பள்ளிக் கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்ததும் தொடருக்கு முந்தைய ஆண்டுகளின் செய்திகள்.

இதிலும் நனாமியின் பூனைக்குட்டியைப் போல ஒரு பெட்டி. கரடி இளவரசி லுலு, தம்பி பிறந்ததும் தன் இடம் பறிபோனதாகப் பொருமி, அவனைப் பெட்டியில் போட்டு வீசுகிறாள். அவன் ஒவ்வொரு முறையும் அக்காவுக்காகத் தேன் எடுத்துக்கொண்டு சிரித்தபடி திரும்பி வருகிறான். கடைசியில் ஒரு தேனீ கொட்டி இறந்துபோகிறான். அதற்குப் பிறகுதான் அந்தத் தேனின் ருசி என்னவென்று லுலுவுக்குத் தெரிகிறது. சிறுவர் கதை போன்ற ஓவியத்தில் சொன்னதால் வலி இன்னும் கூடுகிறது.

2019-ல் வந்த 'சரஸான்மாய்' டோக்கியோவின் அசகுசா வட்டாரத்தில் நடக்கிறது. நீர்ப்பூதமான கப்பாவாக மாற்றப்படும் மூன்று சிறுவர்கள். அவர்கள் ஒன்றுசேரும்போதெல்லாம் ஒருவன் ரகசியம் மற்ற இருவருக்கும் கசிந்துவிடும். அவர்களில் ஒருவனான கசுகியின் தம்பி சக்கர நாற்காலியில் இருக்கிறான். அந்த விபத்துக்குத் தானே காரணம் என்று நினைக்கும் கசுகி, தம்பிக்குப் பிடித்த பாடகி போலப் பெண்வேடமிட்டுப் படம் எடுத்துத் தினமும் அனுப்புகிறான். பார்க்க அன்பு மாதிரி இருக்கும் இது, தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. மூவரில் இன்னொருவனான தோயின் கதை இன்னும் இருட்டு. அண்ணனைக் காப்பாற்றச் சின்ன வயதிலேயே துப்பாக்கியைச் சுட்டவன் அவன். அந்த அண்ணனுக்கு அவன்மேல் பாசம் உண்டு, அந்தப் பாசமே அவனைக் குற்ற உலகத்துக்குள் இழுக்கிறது.

நான்கு தொடர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே பொருள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சவப்பெட்டி, கூண்டு, அட்டைப்பெட்டி. கன்னத்தில் விழுவதும் அறை, அடைத்துவைப்பதும் அறை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது தற்செயல்தான், ஆனால் இகுஹாராவின் உலகத்துக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. அவருடைய கொடியவர்கள் பூட்டுவது பெரும்பாலும் வன்முறையால் இல்லை, உன் நன்மைக்குத்தான் என்ற பேச்சால். நல்லவர்களாலும் வெளியிலிருந்து முழுக்கத் திறந்துவிட முடிவதில்லை. கதவை ஆட்டலாம், கம்பிக்கு நடுவே பாதி ஆப்பிளைக் கொடுக்கலாம். எழுந்து வருவது உள்ளே இருப்பவரின் வேலை. கணக்குக் கேட்காமல் கொடுப்பது, எழுந்து வருகிறவர் எந்தப் பக்கம் போனாலும் விட்டுவிடுவது, இந்த இரண்டும்தான் அவர் அன்பென்று ஒப்புக்கொள்ளும் அடையாளங்கள்.

குறைகளும் இருக்கின்றன. குறியீடுகள் சில இடங்களில் கதையையே மூடிவிடுகின்றன. 'உடேனா'வில் ஒரே படிக்கட்டு ஏறும் காட்சி பகுதிக்குப் பகுதி திரும்ப வரும். பெண்கள்மேல் உள்ள ஆசைப்பார்வையைக் கண்டிக்கும் 'யூரிகுமா அராஷி'யின் தொடக்கப் பகுதிகள் அதே பார்வையோடு எடுக்கப்பட்டவை போலத் தோன்றும். 11 பகுதிகளில் அடைக்கப்பட்ட 'சரஸான்மாய்' முடிவை நோக்கி மூச்சிரைக்க ஓடுகிறது. ஆனாலும் பின்னால் வந்தவர்கள் இவரைப் படித்துத்தான் எழுதினார்கள். அமெரிக்காவின் 'ஸ்டீவன் யூனிவர்ஸ்' தொடரை உருவாக்கிய ரெபெக்கா ஷுகர், 'உடேனா'வின் பாதிப்பை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

பார்க்க நினைப்பவர்கள் 'உடேனா'வில் தொடங்குவது நல்லது, பிறகு 'பெங்குயின்ட்ரம்'. ரோஜாவையும் பெங்குயினையும் பார்த்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட வேண்டாம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 33-ஆம் பகுதியை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவர்கள் பேசத் தொடங்கும்வரை கொஞ்சம் காத்திருங்கள்.